முதல் நாள் விலை

இல்லக்கா, ஒட்டுக் கேக்கணும்னு கேக்கல. பக்கத்து சீட்டுல உக்காந்துட்டு காதைக் கழட்டியா வைக்க முடியும்? நீங்க பையன்கிட்ட போன்ல பேசினது காதுல விழுந்துச்சு. பணம் அனுப்பிட்டேன், சாயங்காலம் அஞ்சு மணிக்குப் போய் புக் பண்ணிக்கோன்னு சொன்னீங்கல்ல. காலைல அறிவிச்சாங்களே, அந்தப் புது கேம் மெஷினுக்குத்தானே? அதான் சொன்னேன். வேணாம்க்கா. புக் பண்ண வேணாம்.

சிரிப்பு வருதுல்ல. மடியில குழந்தையை வச்சிருக்கறவ பால் பவுடர் விலை பேசுவா, மெஷின் விலை பேசுறாளேன்னு. பரவாயில்ல, சிரிங்க.

மணி என்னக்கா இப்போ? பன்னெண்டு ஐம்பத்தஞ்சா. ஒண்ணேகாலுக்கு எடுத்துடுவாங்கல்ல? முன்னாடி போர்டுல அப்படித்தான் எழுதியிருக்கு. டிரைவரைத்தான் காணோம். டீ குடிக்கப் போயிருப்பாரு. போனா வந்துடுவாருல்ல.

இல்ல, என்கிட்ட போன் இல்ல. அதான் உங்களை மணி கேட்டுக்கிட்டே இருக்கேன். தொந்தரவா நினைக்காதீங்க. அந்த ஜன்னல் திரையைக் கொஞ்சம் இழுத்து விடுறீங்களா? ஆமா, வெயில். இவ கண்ணுல அடிக்குது.

இவளா? பட்டன். பேரு வேற, வீட்ல பட்டன். எதைக் கண்டாலும் அமுக்குவா, அதனால அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு. மூணரை வயசு. கோபமெல்லாம் இல்லக்கா, நீங்க கூப்பிட்டது அவளுக்குத் தெரியல. லேசா தோளைத் தொட்டுக் கூப்பிடுங்க, திரும்புவா. பார்த்தீங்களா. பிஸ்கட்டைப் பார்த்ததும் மட்டும் சிரிப்பு. வாங்கிக்கோடி, அத்தைதான் தர்றாங்க.

சரி, விஷயத்துக்கு வர்றேன். நீங்க அந்த மெஷினை ஏன் வாங்குறீங்க? பையன் கேக்கறான். பையன் ஏன் கேக்கறான்? அவன் மெஷினைக் கேக்கலக்கா. அதுல ஆடப்போற ஆட்டத்தைக் கேக்கறான். மெஷின்ங்கறது ஒரு கருப்புப் பெட்டி. அதை யாரும் கொஞ்சிக்கிட்டு உக்காந்திருக்க முடியாது. அந்த வாள் எடுத்துட்டு வர்ற பொண்ணு கேம், அதுக்குத்தானே குதிக்கறான்? எல்லாப் பசங்களும் அதுக்குத்தான் குதிக்கறாங்க. அது எப்போ வருதுன்னு அவன்கிட்ட கேட்டீங்களா? அடுத்த வருஷம். கீழ சின்ன எழுத்துல போட்டாங்க. மாப்பிள்ளை ஊர்லயே இல்ல, நீங்க மண்டபத்துக்கு அட்வான்ஸ் கட்டுறீங்க.

அந்த வாள் பொண்ணைத் தவிர பதினாலு கேம்னு காட்டினாங்க. ஆமா, பதினாலு. நான் எண்ணினேன். அதுல ஒன்பது பழைய மெஷின்லயே ஆடலாம். உங்க பையன்கிட்ட பழைய மெஷின் இருக்கா? இருக்குல்ல. அப்போ அந்த ஒன்பதுக்கு இது எதுக்கு? மூணு, வரும் மாதங்களில்னு போட்டாங்க. வரும் மாதங்கள்னா அது எந்த மாசம்னு அவங்களுக்கே தெரியாது. மிச்சம் ரெண்டு. ஒண்ணு கார் ரேஸ். இன்னொண்ணு, ஒரு ரோபோ துடைப்பத்தை வச்சுக்கிட்டு வீடு பெருக்குது. அதை என்னைக் கூப்பிட்டா நானே காசு வாங்காம பண்ணிட்டுப் போயிருப்பேன்.

இப்போ விலை விஷயத்துக்கு வாங்க. நான் எப்பவும் வாடகையை வச்சுத்தான் பார்ப்பேன். ரெண்டு ரூம் வீட்டுக்கு ஒரு மாச வாடகை எவ்வளவோ, அதுக்குள்ள மெஷின் வந்துட்டா ஜனம் யோசிக்காம வாங்கும். அதைத் தாண்டினா வீட்ல பேசி முடிவு பண்ணலாம்பாங்க. வீட்ல பேசினா முடிவு என்னன்னு உங்களுக்கே தெரியும். இது ரெண்டு வாடகை. டிவியில பெருசா காட்டினாங்களே, அந்த விலை, கேம் டிஸ்க் போடற இடம் இல்லாத மெஷினுக்கு. டிஸ்க் போடணும்னா இன்னும் மேல.

எங்க ஸ்கூல்ல கணக்கு எடுக்கற சிஸ்டர் ஒருத்தங்க இருந்தாங்க. கிராஃப்ல கோடு மேல போகுதா கீழ போகுதான்னு வாயைப் பிளக்காதே, கோட்டுக்கு அடியில என்ன எழுதியிருக்குன்னு முதல்ல படிம்பாங்க. அப்போ தூக்கம் தூக்கமா வரும். இப்போ அது ஒண்ணுதான் உருப்படியா கூட வருது.

மணி என்ன? ஒண்ணா. சரி.

எந்தக் கடையில புக் பண்றான்? பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி. நீல ஷட்டர். வெளியில பெரிய டிவி வச்சிருக்கற கடை.

ம்ம்.

அது எங்க கடைதான்க்கா. என் வீட்டுக்காரரோடது. பயப்படாதீங்க, நம்பினா நம்புங்க. கடைக்காரன் பொண்டாட்டியே வியாபாரத்தைக் கெடுக்கறாளேன்னு பார்க்கறீங்க. பாருங்க. நான் கெடுக்கலன்னாலும் அது கெட்டுத்தான் போகும்.

அஞ்சு வருஷம் முன்னாடி ஒண்ணு வந்துச்சு, ஞாபகம் இருக்கா? கையைக் காத்துல வீசினா டிவிக்குள்ள பந்து பறக்கும். எனக்குக் கல்யாணம் ஆன வருஷம். விலை ஒரு வாடகைக்குக் கொஞ்சம் கம்மி. முதல் நாளே பதினோரு கேம். அதுலயும் நான் ரெண்டைத்தான் கேம்னு சொல்வேன், மத்த ஒன்பதும் கல்யாணத்துக்கு வந்த கூட்டம். பொண்ணு மாப்பிள்ளை அந்த ரெண்டுதான். ஆனா அந்த ரெண்டும் வேற எதுலயும் ஆட முடியாது. அதோட, சும்மா பார்த்துட்டு நிக்கறவனுக்கும் கை பரபரக்கும். கடை வாசல்ல அந்த டிவிக்கு முன்னாடி, பேங்க்ல வேலை பார்க்கற ஒரு பெரியவர் பையை என்கிட்ட கொடுத்துட்டு கையை வீசிப் பார்த்தாரு. மறுநாள் வந்து வாங்கிட்டுப் போனாரு. அவருக்குப் பசங்களே கிடையாது.

கம்பெனிக்கு அந்த விலையில ஒண்ணும் நிக்காதாம். மெஷினைக் கைக்காசு போட்டுக் கொடுத்துட்டு, அப்புறம் கேம்ல கேம்ல எடுத்துக்குவாங்க. பொறியை இனாமாக் கொடுத்துட்டு இரையை மாசாமாசம் விக்கற மாதிரி. அது புரிஞ்ச கம்பெனி பிழைச்சுக்கும். எங்க வீடும் அந்த வருஷம் நல்லா இருந்துச்சு. அவரு குளிக்கும்போது பாடுவாரு. என்னை ஸ்கூட்டர்ல வச்சுக்கிட்டு சும்மா ரெண்டு தெரு சுத்திட்டு வருவாரு. எனக்கு அப்போ தெரியாது, இதெல்லாம் பதினோரு கேம் வந்ததாலன்னு. என்னாலன்னு நினைச்சுக்கிட்டிருந்தேன்.

அந்த வெள்ளைச் சட்டை போட்டவரு டிரைவரா? இல்ல, டிக்கெட் கிழிக்கறவரா. சரி.

அப்புறம் கையில வச்சு ஆடற மெஷின் வந்துச்சு. ரெண்டரை வருஷம் முன்னாடி. சின்னது, பார்க்க அழகா இருக்கும். ஆர்டர் போடறதுக்கு முன்னாடி அவரு என்னைக் கேட்டாரு, நீ என்ன சொல்றன்னு. அதுதான் முதல் தடவை கேட்டது. எனக்குப் பெருமையா இருந்துச்சு. உக்காந்து படிச்சுப் பார்த்துட்டு உண்மையைச் சொன்னேன். போகாதுங்கன்னேன். விலை கிட்டத்தட்ட பெரிய மெஷின் விலை. கேமைச் சேமிக்கற கார்டு தனியா காசு கொடுத்து வாங்கணும். முதல் நாள் நாலே கேம், அதுலயும் ஒண்ணு பழைய சட்டைக்குப் புதுப் பொத்தான் வச்சது. சிரிச்சாரு. கார்டைப் பத்தி யாராவது முனகினா, யானையை வாங்கிட்டு அங்குசத்துக்கு அழலாமான்னு சொல்லி வித்துடுவேன்னாரு. நாப்பத்தெட்டு பெட்டி போட்டாரு.

முதல் வாரம் ஒன்பது போச்சு. அந்த ஒன்பது பேரு எது வந்தாலும் வாங்கறவங்க. அதை வச்சு எதையும் சொல்ல முடியாது. மூணாவது வாரம்தான் பார்க்கணும். மூணாவது வாரம் ஒண்ணும் போகல. கடையில இடம் இல்லன்னு முப்பத்தொன்பது பெட்டியும் வீட்டுக்கு வந்துச்சு. எங்க படுக்கற ரூம்ல ஜன்னலை மறைச்சு அடுக்கினாரு. இவ அந்தப் பெட்டியைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் நடக்கப் பழகினா. நான் தினம் தூசி தட்டுவேன். ஓரம் நசுங்கினா விலை போகாதுல்ல.

அஞ்சாவது மாசம் கம்பெனி விலையில மூணுல ஒரு பங்கு குறைச்சுட்டாங்க. ஒரே நாள்ல. வாங்காம இருந்தவனுக்கு லாபம். வாங்கி அடுக்கி வச்சவனுக்கு ஒரு வார்த்தை சொல்லல. முதல் நாள் வாங்கின ஒன்பது பேரும் பில்லை எடுத்துக்கிட்டு கடைக்கு வந்து கத்தினாங்க. அவரு ஒருத்தரை விடாம உக்கார வச்சு, தண்ணி கொடுத்து, பொறுமையா பேசி அனுப்பினாரு. கடையில அவரு குரல் உயர்ந்து நான் கேட்டதே இல்ல. ஊருக்கே அவரு தங்கம்.

அப்புறம் வீட்டுக்கு வந்தாரு.

கரிநாக்குன்னாரு. போகாதுன்னு நீ சொன்ன, அதான் போகலன்னாரு.

ஒண்ணும் இல்லக்கா, சொல்லிட்டுதான் இருக்கேன். தண்ணி வேணாம். வச்சுக்கோங்க.

போன வருஷம் கண்ணுல மாட்டிக்கற கண்ணாடி வந்துச்சு, தலையைத் திருப்பினா காடு தெரியும், கடல் தெரியும்னு. மறுபடியும் கேட்டாரு. நான் பாடம் படிச்சவளாச்சே. நல்லா போகும்னு சொன்னேன். போகல. பத்து நிமிஷம் மாட்டினா எல்லாருக்கும் குமட்டிச்சு, ஆடறதுக்கும் மூணு கேமுக்கு மேல ஒண்ணும் இல்ல. உனக்குத் தெரியும், தெரிஞ்சே என்னைக் குழியில தள்ளிட்டன்னாரு. போகாதுன்னா கரிநாக்கு. போகும்னா கழுத்தறுப்பு. எதைச் சொன்னாலும் முடியற இடம் ஒண்ணுதான்.

அதுக்கப்புறம்தான் இதையெல்லாம் ஒழுங்கா படிக்க ஆரம்பிச்சேன். அவரு கடைக்குப் போனதும் உக்காந்து படிப்பேன். எந்தக் கம்பெனி எந்த மாசம் என்ன விடுறான், விலை என்ன, அன்னிக்கே கையில கிடைக்கற கேம் எத்தனை, எது தள்ளிப் போச்சு. மத்தவங்க மழை வருமான்னு பார்த்துட்டுத் துணி காயப் போடுவாங்கல்ல. அந்த மாதிரி.

மணி? ஒண்ணு பத்தா. இன்னும் அஞ்சு நிமிஷம். ஒண்ணரைக்கு அவரு சாப்பிட ஷட்டரை இறக்குவாரு. கடையிலேர்ந்து வீடு நடக்கற தூரம்தான். அதுக்குள்ள பஸ் எடுத்துடும்ல. சாப்பாடு மேசை மேல மூடி வச்சிருக்கேன். பக்கத்துலயே போனையும் வச்சுட்டேன். மறந்து வைக்கல. அது இருந்தா நான் எங்க இருக்கேன்னு அவருக்குத் தெரியும்.

ஆமாக்கா. அதேதான். வெயிலுக்காக இழுக்கச் சொல்லல அந்தத் திரையை.

இன்னிக்குக் காலைலயா? இல்ல, இல்ல. இன்னிக்கு நல்ல நாள். ஏழு மணிக்கு மூணு பேரும் டிவிக்கு முன்னாடி உக்காந்தோம். கருப்பு டீ ஷர்ட் போட்ட கம்பெனிக்காரர் நாப்பது நிமிஷம் மேடையில நடந்தாரு. நல்ல விலையா இருந்தா முதல்லயே சொல்லிடுவாங்க. நாப்பது நிமிஷம் நடக்கறாருன்னாலே எனக்குத் தெரிஞ்சுபோச்சு. கடைசியில விலை வந்துச்சு. இவரு கையைத் தட்டினாரு. அடிச்சுத் தூக்கப்போகுதுன்னாரு. அப்புறம் என் பக்கம் திரும்பி, நீ என்ன சொல்றன்னாரு.

நல்லா போகும்னேன்.

காபி ஆறறதுக்குள்ள போன்ல எழுபது பெட்டி சொல்லிட்டாரு. எழுபது. இவ உச்சியில ஒரு முத்தம் கொடுத்துட்டு, ராத்திரி வெளியில சாப்பிடலாம், ரெடியா இருன்னு சொல்லிட்டுப் போனாரு.

பார்த்தீங்களா. எல்லாரும் இதைத்தான் கேப்பாங்கன்னு நினைச்சுட்டே வந்தேன், நீங்களும் கேட்டுட்டீங்க. சந்தோஷமா இருக்கற மனுஷனை விட்டுட்டு ஏன் போறேன்னு. அடிச்சிருந்தா ஒரு நியாயம் இருக்கும். முத்தம் கொடுத்த அன்னிக்கு யாராவது கிளம்புவாங்களா?

சொல்றேன். மெஷின் வர இன்னும் பத்து வாரம் இருக்கு. பத்து வாரமும் அவரு நல்லாத்தான் இருப்பாரு. இவளுக்கு கவுன் எடுப்பாரு. எனக்குக்கூட ஏதாவது எடுப்பாரு. முதல் வாரம் பத்துப் பன்னெண்டு போகும், அதுவும் நல்ல வாரம்தான். அப்புறம் மூணாவது வாரம். அப்புறம் பெட்டி வீட்டுக்கு வரும். வீட்ல ஸ்டாக் இருந்தா அவரு கதவை வெளியிலேர்ந்து பூட்டிட்டுத்தான் கடைக்குப் போவாரு. திருட்டுப் பயம். அந்த முப்பத்தொன்பது பெட்டி இருந்தப்போ பதினோரு மாசம் பூட்டித்தான் இருந்துச்சு. அப்புறம் அந்தக் கண்ணாடிப் பெட்டி. அதுல கடைசிப் பெட்டி போன வியாழக்கிழமைதான் வித்துச்சு. வெள்ளிக்கிழமையிலேர்ந்து கதவு திறந்திருக்கு.

அதனால எனக்கு நல்ல நாள்ல போனாத்தான் உண்டு. கெட்ட நாள்ல கதவு இருக்காது.

எங்க போறேன்னு கேக்காதீங்க. அம்மா வீடு இல்ல, அங்கதான் முதல்ல போய் நிப்பாரு. உங்களுக்குத் தெரியாம இருந்தா யாராவது கேட்டா நீங்க பொய் சொல்ல வேண்டியதில்ல. நீங்க நல்ல மாதிரி தெரியறீங்க, உங்களுக்குப் பொய் வராது.

அய்யய்யோ, கையெல்லாம் பிடிக்காதீங்கக்கா. எனக்கு அழுகை வராது. கொஞ்ச நாளாவே வர்றதில்ல. அதை விடுங்க. இப்போ நான் சொல்ல வந்ததைக் கேளுங்க, எங்கயோ போயிட்டேன்.

விலை, கேம், மூணாவது வாரம், நான் சொன்னது எல்லாம் நிஜம். ஒரு வருஷம் பொறுத்தா அந்த வாள் பொண்ணும் வருவா, விலையும் இறங்கும், ஒரு வாடகைக்கு வாங்கிக்கலாம். அதுவும் நிஜம். ஆனா அதுக்காக உங்களைப் பிடிச்சு வச்சு இவ்வளவு நேரம் பேசல. நீங்க போன்ல அஞ்சு மணின்னு சொன்னீங்க பாருங்க, அதுதான். ஒண்ணரைக்கு அவரு வீட்டுக்கு வருவாரு. ஆள் இருக்காது. அழுவாரா, தேடுவாரா, தெரியாது. ஆனா நாலு மணிக்கு ஷட்டரைத் தூக்கிடுவாரு. கடை திறக்கலன்னா ஊர் பேசும்ல. அஞ்சு மணிக்கு உங்க பையன் தனியா அந்த கவுண்டருக்கு முன்னாடி நின்னு, அண்ணா தள்ளுபடி உண்டா, அந்தக் கேம் எப்போ வரும், விலை குறையுமான்னு கேப்பான். பசங்க கேக்கத்தான் கேப்பாங்க.

கடையில அவரு கை ஓங்க மாட்டாருன்னு நானே எத்தனையோ பேருகிட்ட சொல்லியிருக்கேன். உண்மைதான். ஆனா அதெல்லாம் வீட்ல ஆள் இருந்த நாள்ல. இன்னிக்கு வீட்ல யாரும் இல்ல.

அதனால இப்பவே அவனுக்கு ஒரு போன் போடுங்க. அம்மா விசாரிச்சேன், அடுத்த வருஷம் வாங்கலாம், இன்னிக்குப் போகாதேன்னு சொல்லுங்க. கோச்சுக்குவான். கோச்சுக்கட்டும். என்னைப் பத்தி மட்டும் ஒண்ணும் சொல்லாதீங்க. போடுங்கக்கா, டவுனைத் தாண்டினா சிக்னல் போயிடும்.

வந்துட்டாரு, டிரைவர் ஏறிட்டாரு. எடுக்கறாங்க.

...

என்ன சொன்னான்? கத்தறானா. கத்தட்டும். போகலன்னு சொல்லிட்டான்ல? சரி. அது போதும்.

மணி என்ன? ஒண்ணு இருபத்தி ரெண்டு. திரை இருக்கட்டும், பாலம் தாண்டினதும் திறந்துக்கலாம்.

இவளா? இல்லக்கா, இவ்வளவு நேரம் நீங்க கூப்பிட்டும் திரும்பாதது கூச்சத்தால இல்ல. அந்தப் பக்கம் கேக்காது. இடது காது. பொறந்தப்போ நல்லாத்தான் இருந்துச்சு. அந்தக் கையில ஆடற மெஷின் விலை குறைஞ்சுச்சே, அன்னிக்கு. அவரு ஓங்கின கை எனக்கு வந்ததுதான். இவ அப்போ என் இடுப்புல இருந்தா.

இருங்க, இவளை என் பக்கம் பார்த்து உக்கார வச்சுக்கறேன், வலது காது உங்க பக்கம் வந்துடும். ம். இப்போ கூப்பிட்டுப் பாருங்க.